தேரைத் தோல்



நம்ம ஊருக்கும் தோலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கோமதி அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது கொஞ்சம் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவார்கள். சொறி, சிரங்கு, படை என்று எது வந்தாலும் அந்த மண்ணை நீரில் குழைத்துப் பூசுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் தோண்டியதாகச் சொல்லப்படும் நாகசுனையின் தண்ணீருக்கும் அதே பெயர் உண்டு. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்று வலியை அடுத்தவருக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம், தோலை மறைக்க முடியாது. தோலில் ஒன்று வந்துவிட்டால் உடம்பு படும் பாட்டைவிட மனசு படும் பாடு அதிகம்.

ஆனால் அம்மனிடம்கூட யாரும் கொண்டுபோகாத ஒரு தோல் சங்கதி இருக்கிறது. மேல்கையின் பின்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும் சின்னச் சின்ன மேடுகள். சிலருக்குத் தொடையிலும் இருக்கும். அரிப்பு பெரிதாக இருக்காது, வலிக்காது, அடுத்தவருக்கு ஒட்டாது. அதனாலேயே அதை நோய் என்று யாரும் எண்ணுவதில்லை, அழுக்கு என்றுதான் எண்ணுகிறார்கள்.

போன ஆடித்தபசுக்கு எங்கள் தெருவுக்கு வந்திருந்த ஒரு பெண்பிள்ளை, கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள். சென்னையில் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஆச்சி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டாள்:

"ஏட்டி, பீர்க்கங்கூட்டை வச்சு நல்லா அழுத்தித் தேயின்னா கேக்க மாட்டேங்கியே. அழுக்கு அடைஞ்சுல்ல அப்படி இருக்கு!"

"தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாப் போச்சு ஆச்சி. போகவே மாட்டேங்குது."

நான் முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவன். இந்த மேடுகளுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. அதில் ஒரு பகுதி கொழும்பில் நடந்தது, பெரும்பகுதி நம்ம குன்னூரில் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தேய்க்கத் தோன்றாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த மேடு என்ன என்று பார்த்துவிடுவோம். நம் தோலில் ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. தோலின் மேல்பகுதி கெரட்டின் என்ற பொருளால் ஆனது. நகமும் முடியும் அதே பொருள்தான். சிலருக்கு இந்தக் கெரட்டின் அளவுக்கு மேல் சேர்ந்து முடிக்குழியின் வாயை ஆப்பு மாதிரி அடைத்துக்கொள்ளும். கைக்குத் தட்டுப்படுவது அந்த ஆப்புதான். அது தோலே தவிர அழுக்கு இல்லை.

இப்படி முடிக்குழி அடைபடுவதற்கு ஒரே காரணம் இல்லை. இதில் இரண்டைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். ஒன்று பிறப்பிலேயே வருவது, மற்றது பசியால் வருவது. சரித்திரத்தில் பெரிதாகப் பேசப்பட்டது இரண்டாவதுதான்.

1930களின் தொடக்கத்தில் உலகத்தின் மூன்று மூலைகளில் மருத்துவர்கள் ஒரே மாதிரியான தோலைப் பார்த்தார்கள். 1931-இல் சீனாவின் பீக்கிங் நகரில் ஃப்ரேசியர், ஹூ என்ற இருவர் சிப்பாய்களிடம் பார்த்தார்கள். 1933-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் லோவந்தால் என்பவர் சிறைக் கைதிகளிடம் பார்த்தார். அதே 1933-இல், கொழும்பில் பாக்டீரியா ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ், 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் ஒரு கட்டுரை எழுதி இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஃபிரினோடெர்மா. ஃபிரினோஸ் என்றால் கிரேக்க மொழியில் தேரை, டெர்மா என்றால் தோல். அதாவது தேரைத் தோல்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கிற குழந்தையைப் பார்த்து நம் கிழவிகள் என்ன சொல்வார்கள்? "பிள்ளைக்குத் தேரை விழுந்திருக்கு." சித்த வைத்தியத்தில் குழந்தை நோய்களில் தேரை என்றே ஒன்று உண்டு. கொழும்பில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் நம் கிழவிகளைக் கேட்டுப் பெயர் வைக்கவில்லை. தோலைத் தொட்டுப் பார்த்து வைத்தார். நம்மவர்கள் சொன்னது மெலிந்த உடம்பை, அவர் சொன்னது தோலை. இரண்டு பேர் வாயிலும் ஒரே பிராணியின் பெயர் வந்தது, இரண்டு பேரும் சோறில்லாத உடம்பைத்தான் பார்த்தார்கள்.

தேரைத் தோல் எப்படி இருக்கும்? முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் கருத்த, கூம்பு மாதிரியான முள் மேடுகள் கூட்டமாக இருக்கும். நடுவில் கெரட்டின் ஆப்பு நன்றாகத் தெரியும். சுற்றியுள்ள தோல் வறண்டு கிடக்கும். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு வரும்.

நிக்கல்ஸும் மற்றவர்களும் இவர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள், தோல் தேறியது. மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய உண்டு. இதே ஆட்களில் பலருக்கு மாலைக்கண்ணும் இருந்தது. அதனால் "வைட்டமின் ஏ குறைவுதான் காரணம்" என்று முடிவு கட்டினார்கள். கேட்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

இனி குன்னூருக்கு வருவோம். 1918-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக ஆனது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. 1935-இல் மெக்காரிசனுக்குப் பிறகு தலைமைக்கு வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். அவரும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பரிசோதித்து, 1936-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. கண்ணின் வெள்ளை விழியில் நுரை மாதிரிப் புள்ளி இருக்கிறதா, வாயோரம் வெடித்திருக்கிறதா, கை முட்டி சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சொரசொரப்பு பிள்ளையின் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்லும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவரை வாத்தியார் "குளிச்சிட்டு வாலே" என்று விரட்டிய கையை, டாக்டர் பிடித்துப் பார்த்து "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். என்னைக் கேட்டால், இந்தச் சரித்திரத்தின் முக்கியமான திருப்பம் அந்தக் கேள்விதான்.

1937-இல் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலைச் சிறு நூலாக வெளியிட்டார். எந்தக் கீரையில் என்ன இருக்கிறது, எந்தத் தானியத்தில் என்ன இல்லை என்று நம் நாட்டு உணவுகளுக்குக் கணக்குச் சொன்ன அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. விலை கூடிய மீன் எண்ணெய்க்குப் பதிலாகச் சிவப்புப் பனை எண்ணெயையும் குன்னூரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழை நாட்டுக்கு ஏழையின் கைக்கு எட்டுகிற மருந்து வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஆனால் "வைட்டமின் ஏ-தான் காரணம்" என்ற முடிவு நெடுநாள் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942 முதல் 1944 வரை, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஒரு சோதனை நடந்தது. மனசாட்சி இடம் கொடுக்காததால் போருக்குப் போக மறுத்த 23 தொண்டர்கள் அதற்கு உடன்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் ஏ இல்லாத உணவை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். தெளிவான குறைபாடு காட்டியவர்கள் மூன்றே பேர். தோலில் மேடு தோன்றுவதை மட்டும் வைத்து வைட்டமின் ஏ குறைவு என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதில் தெரிந்தது.

குன்னூரிலும் இதே சந்தேகம் எழுந்தது. சேலத்தில் 1918-இல் பிறந்து, நூறு வயது கடந்து 2019-இல் காலமான டாக்டர் சி. கோபாலன் அப்போது அங்கே இளம் ஆராய்ச்சியாளர். தேரைத் தோலின் காரணம் பற்றி 1947-இல் கட்டுரை எழுதியவர். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைவரானவர். குன்னூரில் வேலை பார்த்த இன்னொருவர் ராமலிங்கசுவாமி. அவர் ஆக்ஸ்ஃபோர்டு போய் சின்க்ளேர் என்பவரோடு சேர்ந்து எலிகளை வைத்து ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். உணவில் சில அவசியமான கொழுப்பு அமிலங்கள் இல்லாமல் போனால் எலியின் முடிக்குழிகள் அடைபடுகின்றன என்பது அந்த ஆய்வின் சாரம். அதற்குப் பிறகு ஐதராபாத்தில் நடந்த ஆய்வுகளும் கொழுப்பு அமிலங்கள், பி வகை வைட்டமின்கள், வைட்டமின் ஈ என்று பல சத்துகளின் பக்கம் கை காட்டின.

சுருக்கமாகச் சொன்னால், தேரைத் தோல் ஒரே ஒரு வைட்டமின் குறைவதால் வருவதில்லை. சத்துகள் பல சேர்ந்து குறைவதன் அடையாளம் அது. மீன் எண்ணெய் குணமாக்கியதில் அதிலிருந்த வைட்டமினுக்கு மட்டுமல்ல, எண்ணெய்க்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம கரிசல்காட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. என் சிறு வயதில் வீடுகளில் சோளச்சோறு, கம்மங்கஞ்சி, கேப்பைக்களி. தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையலோ ஒரு வெங்காயமோ. தானியத்துக்குக் குறைவில்லாத வீட்டிலும் எண்ணெய்க்குக் குறைவு இருந்தது. சின்னப் புட்டியைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்கி வருவோம். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவது தீபாவளி, பொங்கலுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன்களின் முழங்கை எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பையன் ஞாபகத்துக்கு வருவான்.

அந்த நிலை மாறியதற்குத் தைலமோ சோப்போ காரணமில்லை. காமராஜர் காலத்தில் 1956-இல் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவு, 1970 முதல் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றிய வைட்டமின் ஏ, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பின்னால் அதில் சேர்ந்த முட்டை, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த முட்டிகளை மெதுவாக மாற்றின. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வகுப்பில் பார்த்த மாதிரியான முள் முட்டிகளை ஓய்வு பெறும் சமயத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படியானால் நல்லாச் சாப்பிட்டு, நல்ல சம்பளம் வாங்குகிற அந்தச் சென்னைப் பிள்ளைக்கு ஏன் இந்தச் சொரசொரப்பு? அவளுக்கு இருப்பது முதல் வகை, பிறப்பிலேயே வருவது. கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இது குடும்பத்தில் வழிவழியாக வரும். வளர்கிற பிள்ளைகளில் மிகப் பலருக்கு உண்டு, வயதாக ஆகக் குறையும். பனிக்காலத்தில் கூடும், தோல் ஈரமாக இருந்தால் தணியும். மேல்கையின் பின்பக்கம்தான் இதன் முதல் இடம். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மெக்லீன் என்பவரின் குழு, தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தோல் மீன் செதில் மாதிரி வறளும். இந்தச் சொரசொரப்பும் அவர்களுக்கு அடிக்கடி கூடவே வரும். ஆச்சியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "மதினி, உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க." எழுபத்தெட்டு வயதுக் கையிலும் லேசாக இருந்தது. ஆச்சி சிரித்துவிட்டாள். பேத்தியும் சிரித்தாள்.

இந்த வகைக்குப் பூசுகிற மருந்துகளின் சரித்திரமும் சுவையானதுதான். 1968-இல் சுவீடனில் ஸ்வான்பெக் என்ற தோல் மருத்துவர், யூரியா கலந்த களிம்பு தடித்த தோலை மெதுவாக்கும் என்று எழுதினார். வயலுக்குப் போடுகிற யூரியாவும் பெயரளவில் இதுவேதான், ஆனால் அதை எடுத்து யாரும் பூசிவிட வேண்டாம்! கடையில் கிடைக்கும் களிம்பு தோலுக்கென்று அளந்து செய்தது. 1974-இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர் லாக்டிக் அமிலம் போன்றவை கெரட்டினைத் தளர்த்தும் என்று காட்டினார்கள். தயிரைப் புளிக்க வைப்பதும் லாக்டிக் அமிலம்தான். அடுத்த ஆண்டு, 1975-இல், ஓர் ஆய்வு வந்தது. உடம்பு கொழுப்பை ஏற்காமல் போன சில நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியபோது, தடவிய இடத்தில் தோல் தேறியது. எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலம் தோல் வழியாகவும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. நம்ம நல்லெண்ணெயிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்கு அந்த அமிலம் உண்டு, தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நோய் தீர்க்கும் என்று நான் இதை வைத்துச் சொல்லவில்லை. தோலைக் காய விடாமல் பார்த்துக்கொண்ட நம் பெரியவர்களின் பழக்கம் வீண் இல்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

இப்போது செய்ய வேண்டியது என்ன? கொஞ்சம்தான்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். குளியலைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். துணி துவைக்கிற சோப்பு உடம்புக்கு ஆகாது, காரம் குறைந்த சோப்பை வேண்டிய இடத்துக்கு மட்டும் போடுங்கள். பீர்க்கங்கூடு, செங்கல், தேய்க்கிற கல் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து, கருத்து, இன்னும் தடிக்கும். நகத்தால் கிள்ளி எடுத்தால் தழும்பாகும். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காயும் முன் ஈரப்பதம் காக்கும் களிம்பு ஒன்றைப் பூச வேண்டும். யூரியாவோ லாக்டிக் அமிலமோ கலந்தது நல்லது. அதை எந்த அளவில் வாங்குவது என்பதைத் தோல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். புண்ணான இடத்தில் பூசினால் எரியும், ஆறிய பிறகு தொடங்குங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். விட்டுவிட்டால் திரும்ப வரும், அது மருந்தின் குற்றமில்லை, தோலின் சுபாவம்.

நம் வயதுக்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. நம் தோல் இப்போது மெல்லியது, தேய்த்தால் உரிந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தச் சின்னக் காயமும் ஆற நாளாகும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் குளியலறைத் தரையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளை மெலிந்திருந்து, முழங்கையிலும் முழங்காலிலும் கருத்த முள் மேடுகள் இருந்து, சாயங்காலம் கண் சரியாகத் தெரியவில்லை என்றும் சொன்னால், அது களிம்பு பூசுகிற காரியம் இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பல் போய் வெறும் கஞ்சியோடு காலம் தள்ளும் பெரியவருக்கும், குடியில் விழுந்து சோற்றை மறந்தவருக்கும், குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இது இப்போதும் வரக்கூடும். வைட்டமின் ஏ மாத்திரையை நாமாக வாங்கி விழுங்கக் கூடாது, அது அளவு மீறினால் கேடு செய்யும். முருங்கைக்கீரை, தண்டங்கீரை, முட்டை, பால், கொஞ்சம் நல்ல எண்ணெய், இவற்றைத் தட்டில் போடுவதற்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

பசி எழுதிய மேடாக இருந்தால் சோறு போட வேண்டும். பிறவியில் வந்ததாக இருந்தால் களிம்பு பூசிவிட்டு நிம்மதியாக அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் தேய்க்க வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை. வீட்டில் பேரன் பேத்திகள் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.